வாய் திறக்காத பாதை

மாதேஸ்வரன் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற சேதி இன்னும் அவர் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பவர்களை உள்ளே போங்க, உள்ளே போங்க என்று நெருக்குவார். இழவு வீட்டில் பாடை தூக்கும்போது போலாம் ரைட் என்று சொல்லிவிட்டதாக ஊரில் பேச்சு. ரைட் மட்டும்தான் சொன்னேன் என்கிறார் அவர்.

மகள் பிரியதர்ஷினி கலிபோர்னியாவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். ஆயிரம் வருஷத்து ரெட்வுட் மரங்கள். நடுவே பாதை, சத்தம் போடக் கூடாதென்று ஒரு பலகை. இருவரும் வந்தால் அங்கே நடக்கலாம் என்று எழுதியிருந்தாள். மனைவி ராணியம்மாள் பலகையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அங்க வந்து மானத்த வாங்கிருவீங்க."

அதனால் ஒத்திகை. சித்தேரிக்கு மேலே பழைய காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. அது ரோட்டில் சேரும்வரை வாய் திறக்காமல் நடந்தால் அவருக்கு அமெரிக்கா. திறந்தால் அவருக்குப் பதில் ராணியம்மாளின் தங்கை பானுமதி. பானுமதி அதற்குள் ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

ராணியம்மாள் முன்னால் நடந்தார், மாதேஸ்வரன் பின்னால். கடுக்காய் மரங்கள் வெயிலை மேலேயே நிறுத்தி வைத்திருந்தன. சருகு நனைந்து கிடந்ததால் செருப்புச் சத்தம்கூட இல்லை. ஒவ்வொரு வளைவிலும் மாதேஸ்வரன் பக்கத்து மரத்தை இரண்டு தட்டு தட்டினார். ராணியம்மாள் திரும்பி முறைத்தார். இவர் உதட்டைத் தொட்டுக் காட்டினார். மூடித்தான் இருந்தது.

பாதை குறுகிய இடத்தில் எதிரே மாடுகள் வந்தன. மேய்ப்பவரைக் காணவில்லை. மாடுகள் நின்றன. இவர்களும் நின்றார்கள். மாதேஸ்வரன் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. முதல் மாடு ராணியம்மாளின் முந்தானையை முகர்ந்து பார்த்து, அதைச் சவைக்கத் தொடங்கியது.

"வழியில நிக்காதீங்க," என்றார் ராணியம்மாள். குரல் எதிர் மலைக்கு எட்டியது. "உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள அவ்ளோ எடம் இருக்குதில்ல?"

மாடுகள் ஒவ்வொன்றாக மரங்களுக்குள் இறங்கி வழி விட்டன.

ராணியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாதேஸ்வரன் துண்டை எடுக்கவில்லை. ரோடு வரும்வரை அது வாயிலேயே இருந்தது.

அரூர் பஸ் நிலையத்தில் ராணியம்மாள் மகளைக் கூப்பிட்டார். டிக்கெட் இரண்டு பேருக்கும் எடுக்கச் சொன்னார். அப்பா பேசவில்லையா என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

"அவரு பேசல. மாட்டுக்குத்தான் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

மகள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு ஏதோ சொன்னாள். ராணியம்மாள் போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரிடம் திரும்பினார்.

"அந்தக் காட்டுல மாடெல்லாம் வராதாமுங்க."

மாதேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்புறம் யார உள்ள போகச் சொல்லுவ?"