மரங்களோடு நகர்ந்த மண்

அந்த மண்ணில் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. வண்டன்மேட்டுக்குக் கீழே இருந்த ஏலத்தோட்டத்துக்குள் முதல் நாள் இறங்கியபோது எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா பனிமூட்டத்தில் மறைந்ததும், மலையில் நான் ஒருத்திதான் இருப்பதுபோலத் தோன்றியது. கால் வைத்த இடம் அரை விரல் அமுங்கியது, காலை எடுத்ததும் மெல்ல எழும்பியது. மேலே இந்த வருடத்து இலைகள், அவற்றுக்குக் கீழே போன வருடத்து இலைகள், அதற்கும் கீழே இலையென்று இனிச் சொல்ல முடியாத கறுப்புத் தூள். தரை எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நான் சமவெளிக்காரி, ஊர் வடகரப்பதி. எங்கள் பக்கம் கரிசல். கோடையில் கல்லாக இறுகும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அங்கே தரை என்றால் தரைதான், சந்தேகமே வராது. மண் ஆய்வு வேலையில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழி வெட்டுவது, அடுக்குகளை அளப்பது, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துப் பையில் கட்டிச் சீட்டு ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. கோடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை தள்ளிப்போய், மழைக்காலத்தில் என்னை இடுக்கிக்கு அனுப்பினார்கள்.

தங்க இடம் கொடுத்தவர்தான் அந்த அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கப் போய்ப் போய், கணவரோடு சேர்ந்து சரிவில் நாற்பது சென்ட் வாங்கியிருந்தார். கணவர் இறந்துவிட்டார். மகள் கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மகளின் அறை காலியாக இருந்ததால் எனக்குக் கிடைத்தது.

முதல் குழியை அவருடைய தோட்டத்திலேயே வெட்டினேன். இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து நெஞ்சளவுக்குத் தோண்டிவிட்டுப் போனார்கள். நான் உள்ளே இறங்கிச் சுவரைக் கத்தியால் செதுக்கினேன். மேலே இரண்டு சாண் கறுப்பு. பிடித்தால் உருண்டையாக நிற்கும், தட்டினால் பொலபொலவென்று உதிரும். சின்ன வேர்கள் தலைமுடிபோல ஓடியிருந்தன. அதற்குக் கீழே பழுப்பு மண், அதில் முட்டி அளவு கற்கள். இன்னும் கீழே மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒன்று. பார்த்தால் பாறை, விரலால் அழுத்தினால் மாவாகிவிடும். பாறை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாகிக்கொண்டிருக்கிற இடம் அது. அதற்கும் அடியில் கடப்பாரை போகாது.

மண்ணின் நிறத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு புத்தகம் உண்டு. பக்கம் பக்கமாக நிறக் கட்டங்கள் ஒட்டியிருக்கும். பனி குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியதில் அன்று ஒரு கட்டமும் ஒத்துவரவில்லை. வைத்துப் பார்க்கும்போதெல்லாம் மண் இன்னும் கொஞ்சம் கறுத்தது. கண்ணை மூடிச் சுவரில் காதை வைத்தேன். ஏன் வைத்தேனென்று தெரியாது. உள்ளே எங்கோ தண்ணீர் நடந்துபோகிற சத்தம் கேட்டது. ஓடை இல்லை, ஊற்றும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ மெதுவாகப் பேசுவதுபோல இருந்தது.

"அங்க என்னத்த கேக்குற தங்கச்சி?" என்று அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணிச் சத்தமுங்க அக்கா."

"அது எப்பவும் கேக்கும். மழைக்காலம்ல." அவர் குனிந்து கறுப்பு மண்ணில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டார். "இன்னும் அதே புளிப்பு. எம்மக வயித்துல இருக்கும்போது யாருக்கும் தெரியாம இதத்தான் தின்னேன்."

காட்டு மண்ணுக்குப் புளிப்பு அதிகம் என்று நான் சோதனைக் குப்பியில் பார்த்துத்தான் எழுதுவேன். அந்த அடுக்குக்கு நேராக அன்று சோதிக்காமலே எழுதிவிட்டேன். மறுநாள் சோதித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகு மழை பிடித்தது. இரண்டு நாள் வெளியே போக முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தபோது, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினேன். இலைச் சருகில் வைத்த கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. முள்ளம்பன்றி வளை என்று நினைத்தேன். சருகை ஒதுக்கினால், வளையில்லை. ஒரு வெடிப்பு. கால் நுழையும் அகலத்தில், சரிவுக்குக் குறுக்கே, மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன். அக்காவின் தோட்டத்தையும் வீட்டையும் மேலிருந்து அணைத்துப் பிடித்ததுபோல இருந்தது அதன் வளைவு.

குழியில் கேட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மண் எவ்வளவு மழையையும் குடிக்கும். அடியில் இருக்கிற பாறை ஒரு சொட்டும் குடிக்காது. குடித்த தண்ணீரெல்லாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கொல்லைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். அது மூட மறுத்தது.

"ஏனுங்க அக்கா, இந்தக் கதவு எப்பத்திலிருந்துங்க இப்படி?"

"நேத்துலருந்து. மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். ஊட்டை விட்டுப் போயிரலாமுங்க என்றேன். அவர் கேட்டுக்கொண்டே கஞ்சிக்கு உப்புப் போட்டார். "இருவது வருசமா இங்கனதான் இருக்கேன். இதவிடப் பெரிய மழையெல்லாம் பாத்தாச்சு," என்றார். வில்லேஜ் ஆபீஸுக்குப் போன் செய்தேன். எழுதிக்கொண்டார்கள், ஆள் வருவார்கள் என்றார்கள். பாதை அடைபட்டு ஆள் வர முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது அளப்பது ஒன்றுதான். வெடிப்பின் மேல்பக்கம் ஒரு முளை, கீழ்ப்பக்கம் ஒரு முளை அடித்தேன். அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். என் டேப்பை அவர் பார்க்கக்கூட இல்லை. குனிந்து தன் கையை விரித்து இரண்டு முளைக்கும் நடுவில் வைத்தார். சரியாக ஒரு சாண். சாயங்காலம் மறுபடி போனோம். ஒரு சாணும் மூன்று விரலும். மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். நனைந்த சேலையோடு முளைகளுக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒரு கை வைத்து, அதற்கு அடுத்து இன்னொரு கை வைத்திருந்தார்.

"ரெண்டு சாணாயிருச்சு," என்றார். எழுந்து நேராக வீட்டுக்குள் போய்த் தலையணைகளைக் கட்ட ஆரம்பித்தார்.

மேலே ரோட்டோரம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் அறை கிடைத்தது. கேஸ் அடுப்பு, மிக்சி, மகளின் புத்தகங்கள், ரேஷன் கார்டு இருந்த டப்பா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தோம். கோழிகளைக் கடைசியாகக் கூடையில் அமுக்கிக் கொண்டுவந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். ரோட்டில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். கீழே பனி விலகிக்கொண்டிருந்தது.

முதலில் ஏலச் செடிகள்தான் ஆடின. காற்றில்லை. பிறகு அக்காவின் வீட்டுப் பக்கத்தில் நின்ற பலா மெல்ல நகர்ந்தது. விழவில்லை. நின்றபடியே, மேலே இருந்த நாலு காய்களோடு, யாரோ கூப்பிட்டுப் போவதுபோலப் போனது. அதன் பின்னால் மற்ற மரங்களும் போயின. நிழல் மரங்கள், மிளகுக் கொடி ஏறிய கல்யாண முருங்கைகள், அவற்றுக்குக் கீழே பச்சை கலையாமல் ஏலக் கூட்டம். முழுத் தோட்டமும் ஒரு பாயைப் பிடித்து இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் பிறகுதான் வந்தது. ஆயிரம் வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகிற சத்தம். வீடு ஒருபக்கம் சாய்ந்து, தகரக் கூரை மடிந்து, மெதுவாக உட்கார்ந்தது.

"நம்ம பலா போகுது பாரு," என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். அழவில்லை. என் கையைப் பிடித்திருந்தார். கூடைக்குள் கோழிகள் சத்தமே போடவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்று சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான்.

தோட்டம் ஒரு நூற்றைம்பது அடி போய் நின்றிருந்தது. அது கிடந்த இடத்தில் பாறை தெரிந்தது. வழவழவென்று, ஈரமாக, யாரும் கண்டிராத பாறை. நான் இத்தனை வருடம் குழிகளுக்குள் ஒரு கையகலம் பார்த்து மிச்சத்தை ஊகித்து எழுதிய பாறை, நாற்பது சென்ட்டும் முழுசாக வெளியே கிடந்தது. அதன்மேல் தண்ணீர் மெல்லிய திரையாக ஓடியது. இவ்வளவு காடும் இந்த வழுக்குக் கல்மேல் ஒரு போர்வை கனத்துக்குத்தான் நின்றிருந்தது என்று நம்ப முடியவில்லை.

மரங்கள் நகர்ந்து நின்ற இடம் கீழ்த்தோட்டக்காரருடையது. நல்லவேளையாக அது வெறும் புல்வெளி. அவர் கோட்டயம் பக்கத்துப் பெரியவர். வந்து பார்த்துவிட்டு, இடம் என்னுடையது, செடி உங்களுடையது, வந்து பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா அப்போதுதான் அழுதார்.

அடுத்த ஏப்ரலில் அக்காவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோடை உச்சம். வயலைக் காட்டக் கூட்டிப்போனேன். வரப்பில் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். கரிசல் கோடையில் எப்போதும்போல வெடித்துக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு வெடிப்பில் கையை விரித்து வைத்தார்.

"இது எங்கயும் போகாதுங்க அக்கா. மழை பெஞ்சா தானா மூடிக்கும்," என்றேன்.

"நெசமாவா?" என்று மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. நான் இறங்கி நடுவயல்வரை நடந்து காட்டினேன். அப்புறம்தான் ஒவ்வொரு கட்டியாகப் பார்த்துக் கால் வைத்து வந்தார். அன்று மதியம் வெறும் தரையில் படுத்து, விளக்கு வைக்கும்வரை தூங்கினார். மலையில் நான் தங்கிய ஆறு வாரத்தில் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடுப்பில் போயிருந்தேன். இப்போது அவர் ரோட்டோரம் வாடகை வீட்டில் இருக்கிறார். மகளுக்குத் தொடுபுழையில் வேலை. காலையில் கூடையை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினோம். நகர்ந்த செடிகளில் பாதி பட்டுப்போயிருந்தன. மீதி, தரையோடு சரம் விட்டுக் காய்த்திருந்தன. முழங்காலிட்டு, அமுங்கும் மண்ணில் கை ஊன்றி, சரத்துக்கு ஒன்றிரண்டாக விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறித்தோம். பிஞ்சைத் தொட்டால் அக்கா கோபித்துக்கொள்வார். பத்து மணிக்குப் பனி இறங்கி, பக்கத்தில் இருந்தவர் தெரியாமல் போனார். காய் கூடையில் விழும் சத்தத்தை வைத்து அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.