பூச்சி

இந்த ஊரில் பூனையின் மலத்தையும் பரிசோதிக்கிறார்கள். மலேசியாவில் இந்தக் கோத்தா திங்கிக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்த நான், போன மாதம் ஊறுகாய் டப்பா ஒன்றைக் கழுவி, அதில் எங்கள் பூனைக்குட்டி சாம்பலின் மலத்தை அடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு விலங்கு மருத்துவமனை வாசலில் நின்றேன். குட்டிக்கு வயிறு உப்பியிருந்தது, ஈறு வெளுத்திருந்தது. அதைத் தெருவிலிருந்து தூக்கிவந்த என் மகள் கயல் பள்ளிக்குப் போயிருந்தாள். மலாய் அவளுக்குத்தான் தண்ணீர்பட்ட பாடு.

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வயிறு உப்பினால் "பூச்சி இருக்கும்" என்பார்கள். விடுமுறையில் பூச்சி மருந்து, பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை. அது புழு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. கைப்பேசியில் 'பூச்சி' என்று தட்டினேன். 'செராங்கா' என்றது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணிடம், பூனையின் வயிற்றில் செராங்கா இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று டப்பாவை நீட்டினேன். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூச்சிங் மெமாங் மாகான் செராங்கா லா, காக்."

பூனை என்றால் பூச்சி தின்னத்தானே செய்யும், அக்கா என்கிறாள். டப்பாவை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒன்றுமில்லை என்கிறார்களே என்று நிம்மதியாகத் திரும்பிவந்தேன். 

நாலைந்து நாளில் குட்டி தலை தூக்கவில்லை. இம்முறை கயலும் வந்தாள். மருத்துவர் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். கொக்கிப்புழுவின் முட்டைகள். உள்ளே இருந்த புழுக்கள் குட்டியின் ரத்தத்தை உறிஞ்சித் தீர்த்துவிட்டன. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"புழுவுக்கு சாச்சிங்மா. செராங்கான்னா வண்டு, கரப்பான். யாராவது கரப்பானுக்கு மருந்து குடுப்பாங்களா?"

மாலைக்குள் சாம்பல் செத்துப்போனது. கயல் அழவில்லை. அன்று இரவு என்னை 'செராங்கா அம்மா' என்று கூப்பிட்டாள். அவள் அப்பா சிரித்துவிட்டார்.

போன வாரம் அவளுக்கே வயிற்றுவலி. கிளினிக்கில் மருத்துவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வாயெடுக்கும் முன்பே கயல் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க பேசாதீங்கம்மா. செத்துருவேன்."

பிறகு அவளே மலாயில் நீளமாகச் சொன்னாள். எனக்குப் பிடிபட்டது சாச்சிங் என்ற சொல் மட்டும். மூடி போட்ட சிறிய டப்பா ஒன்றை மருத்துவர் அவள் கையிலேயே கொடுத்தார்.  கடலுக்கு அந்தப் பக்கம் புழுவாக இருந்த என் சொல், இங்கே நாக்கின் அடியில் கால் முளைத்து ஊர்ந்துகொண்டிருந்தது.