பதினோரு நிமிடம் நின்ற செய்தி

மிர்த்தா ஒலசோலா எங்களோடு கணினி நிரல் எழுத வருமுன் தொலைபேசி இணைப்பகத்தில் பதினேழு வருடம் இருந்தவள். "கேக்க வந்தவனக் காக்க வைக்கக் கூடாது" என்பது அவளுக்கு வேதவாக்கு. மொண்டேவிடியோ ஆம்புலன்ஸ் மையத்துக்கு எழுதியபோதும் அதே பிடிவாதம்.

எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று திரையில் காட்டும் பட்டியலுக்கு நிரலில் ஒரு பூட்டு தேவைப்பட்டது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால் திருத்துபவர் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் இருக்கக் கூடாது. மிர்த்தாவின் பூட்டு, படிக்க வந்தவர்களை உடனே உள்ளே விட்டது. திருத்த வந்தவர் அவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை நிற்க வேண்டும்.

"ஆள் வந்துக்கிட்டே இருந்தா?" என்று கேட்டேன்.

"மனுஷங்கதானே, மூச்சு விட மாட்டாங்களா?" என்று என் வாயை அடைத்தாள்.

ஆறு பேர் உட்கார்ந்து சோதித்தோம். ஒரு திருத்தமும் தாமதமாகவில்லை. மாத்தே தேநீர்க் குடுவை கைக்குக் கை சுற்றி வரும்போதெல்லாம் எங்கள் கைகள் ஓய்ந்து பேச்சு தொடங்கியதை, மடையர்கள், ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் புயலன்று மையத்தில் நாற்பது பேர். மாத்தேயை யாரும் தொடவில்லை. ஒருவர் படித்து முடிப்பதற்குள் இன்னொருவர் நுழைந்தார். கடலோர மருத்துவமனையில் தண்ணீர் புகுந்து அவசரப் பிரிவை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி பூட்டுக்கு வெளியே பதினோரு நிமிடம் நின்றது. அதற்குள் மாரடைப்பு வந்த ஒரு தச்சரை அங்கேதான் அனுப்பினார்கள். வாசலில் திருப்பிவிட்டார்கள். அடுத்த மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

மறுநாளே மிர்த்தா பூட்டை மாற்றினாள். திருத்துபவர் வந்து நின்றுவிட்டால், புதிதாகப் படிக்க வருபவர்கள் அவருக்குப் பின்னால்தான். நாலே வரி.

மேலாளர் பெராசா அறிக்கையில் 'சாலையில் வெள்ளம்' என்று எழுதினார். "வெள்ளம் இருந்தது நிஜந்தானே. வம்ப விலைக்கு வாங்காத, மிர்த்தா." தச்சரின் மகன் எல்பியோ இரண்டு முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டான். இரண்டு முறையும் அந்தக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மிர்த்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான்.

நாலு மாதம் கழித்து அவள் வேலையை விட்டாள். அன்றே எல்பியோவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"நான்தான் லேட்டா போன் பண்ணி அப்பாவைக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், சென்யோரா," என்றான் அவன். "கேக்கத்தானே வந்தேன். ரெண்டு தடவ."