கண்ணுக்குள் மூன்று பேர்

போன வாரம் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். ஒரு கார்க்காரர், முன்கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிற வெள்ளிநிறத் தட்டியை மடிக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இப்பிடித் திருகுங்கண்ணே" என்று போய் மடித்துக் கொடுத்தேன். அடேயப்பா, நானா இது! கோரிப்பாளையத்து ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில், வெளிச்சத்தைத் திருப்புகிற ரிஃப்ளெக்டர் தட்டை மடிக்கத் தெரியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தவள் நான்.

எனக்கு வேலை கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவது. ஆனாலும் கல்யாணப் பெண்ணின் முந்தானையைச் சரிசெய்ய ஒரு பொம்பளைப்பிள்ளை வேண்டுமே என்று வெளியிடங்களுக்கும் இழுத்துப்போவார்கள். ரிஃப்ளெக்டரும் என் தலையில்தான். சாயங்கால வெயிலை ஜோடிக்குப் பின்னால் வைத்தால் முடியோரமெல்லாம் மின்னும்; முகம் மட்டும் இருண்டுவிடும். அதே வெயிலைத் தட்டில் வாங்கி முகத்துக்குத் திருப்ப வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் கண் கூசித் தண்ணீர் கொட்டும். அதனால் அழுகிறவர்களும் கண் கூசுகிறவர்களும் எனக்கு ஒன்றாகவே தெரிவார்கள்.

ஒருநாள் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. பெண்ணோடு அவளுடைய அண்ணன்மார் மூன்று பேர் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படமெடுக்க அந்த வீட்டில் சம்மதித்ததே இந்தக் காவலோடுதான். மாப்பிள்ளை பாவம், அவள் தோளில் கைவைக்கச் சொன்னால்கூட அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

நான் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். உதடு அசையாமல் அவள் சொன்னாள்: "அக்கா, ஒங்க போனக் குடுங்க. ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க்கா."

போன் என் இடுப்பில்தான் இருந்தது. அண்ணன்மார் பத்தடியில் நின்றார்கள். எனக்கும் வீட்டில் இப்படி ஒரு அண்ணன் உண்டு. என்னை வேலைக்கு அனுப்புவதே அவன் போட்ட பிச்சை. ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "எம்புட்டு நேரம்! வெளிச்சம் போயிரும்!"

எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. நானும் வெட்கமில்லாமல் அதையே சொன்னேன். "வெளிச்சம் போயிரும்மா. முடிச்சிட்டுப் பேசுவோம்."

வெளிச்சம் போனது. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேசவே இல்லை.

மறுநாள் திருத்துவதற்காக அவள் கண்ணைப் பெரிதாக்கினேன். கருமணிக்குள் மூன்று பேர், முகத்தில் வெயில் விழ, கைகட்டி வரிசையாக. ஓரத்தில் தட்டைப் பிடித்தபடி நான். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாக் கண்ணுலயும் யாராச்சும் நிக்கத்தான் செய்வாங்க. தொடச்சுட்டு வெள்ளையா ஒரு பொட்டு வையி. கண்ணுச் செவப்பையும் எடுத்துரு" என்றார்.

நான் வேலை தெரிந்தவள் அல்லவா, சுத்தமாகத் துடைத்தேன். உதட்டோரத்தையும் ஒரு நூல் மேலே தூக்கிவிட்டேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துப் புருஷனோடு ஆல்பம் வாங்க வந்தாள். அந்தக் கண்மாய்க்கரைப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இதுல நான் சந்தோசமாத்தான் இருக்கேன், இல்லக்கா?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தக் கண்மாய்க்கரையெல்லாம் இன்றைக்கு பிளாட் போட்டுவிட்டார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அவையெல்லாம் போனால் போகட்டும். ஆல்பம் கைமாறியதும் அசல் படங்களை அழித்து இடம் பண்ணுவது எங்கள் வழக்கம். அன்றைக்கே அழித்தேன். அவள் வேண்டாம் என்றதற்கு, என்னை விட்டால் இருந்த ஒரே சாட்சி திருத்தாத அந்தப் படம்தான். நானோ ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.