தட்டில் மிஞ்சிய ஸ்பிளிட் பின்

1. தட்டு

கார் கிளம்பிப் போய் இருபது நிமிடம் இருக்கும். ஷெட்டைப் பெருக்கிவிட்டு, சாமான் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் தட்டைக் கழுவ எடுத்தேன். விளிம்பை ஒட்டி ஒரு ஸ்பிளிட் பின் கிடந்தது. புத்தம் புதுசு.

ஸ்பிளிட் பின் என்பது கொண்டை ஊசி மாதிரி இரண்டாக மடிந்த சின்னக் கம்பி. நட்டை முறுக்கிய பிறகு போல்ட்டில் உள்ள துளையில் இதைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். அப்புறம் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நட்டு கழன்று வராது. நான் பின்களை எண்ணித்தான் தட்டில் போடுவேன். எத்தனை துளையோ அத்தனை பின். தட்டில் ஒன்று மிச்சம் என்றால் வண்டியில் எங்கோ ஒரு துளை காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பழைய அம்பாசிடருக்கு மொத்தம் ஆறு பின் போட்டிருந்தேன். இரண்டு பெரிசு, நான்கு சிறிசு. மிஞ்சியது சிறிசு. சிறிசில் இரண்டு ஹேண்ட் பிரேக்குக்கு, இரண்டு டை ராடுக்கு. ஹேண்ட் பிரேக் என்றால் போகட்டும், வண்டி மேட்டில் நிற்காது, அவ்வளவுதான். டை ராடு அப்படி இல்லை. ஸ்டியரிங் திருப்பினால் முன் சக்கரம் திரும்புகிறதே, அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பி அது. அது கழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும், சக்கரம் அதன் இஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் போகும்.

வண்டியில் நான்கு பேர். சொந்தக்காரன் பிரகாஷ், அவன் மனைவி, ஐந்து வயது மகள், அம்மா. பூஜை போடத் திருவேற்காடு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

2. மஞ்சள் கோடு

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷன். அங்கே ஒரு விதி உண்டு. நட்டை முறுக்குகிறவன் ஒருத்தன், சரிபார்த்து அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் கோடு போடுகிறவன் வேறொருத்தன். முறுக்கியவன் கையில் பிரஷ்ஷையே கொடுக்க மாட்டோம். பிட்டர் அந்தோணி என்னைப் பார்த்தாலே, "வந்துட்டாருய்யா, மாமியார் வீட்டுச் சீர்ல குறை கண்டுபிடிக்க" என்பான். நானும் சளைக்காமல் குறை கண்டுபிடிப்பேன்.

ஓய்வு பெற்று சேக்காட்டில் வீட்டோடு இருந்தபோது, வாசலில் ஷீட் போட்டுப் பழைய கார்களைப் பிரித்துச் சரிசெய்ய ஆரம்பித்தேன். முறுக்குகிறவனும் நான், கோடு போடுகிறவனும் நான். நம்மிடம் யார் குறை கண்டுபிடிப்பது என்ற திமிர் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிரகாஷ் பாரிவாக்கத்தில் பிளாட் வாங்கிக் குடிவந்தவன். ஐடி வேலை. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். இறந்துபோன அப்பா ஓட்டிய காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து என்னிடம் விட்டான். ஏழு மாதம் ஆனது. கடைசி நாள் காலை, இடது டை ராடு நட்டை முறுக்கினேன். நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் நேருக்கு நேர் வரவில்லை. இன்னும் துளி திருப்ப வேண்டும், அதற்கு நீள ஸ்பேனர் வேண்டும். எடுக்க எழுந்தபோது போன்.

"சார், பத்தரைக்குள்ள நல்ல நேரம்னு அம்மா சொல்றாங்க. வந்துரலாமா?"

"வாப்பா, ரெடிதான்."

அதற்கு முன்பே மஞ்சள் கோடு போட்டிருந்தேன். திரும்பிப் போய்ப் பின் போட்டேனா? வலது பக்கம் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரலில் கீறிக்கொண்டேன். இடது பக்கம் ஸ்பேனர் எடுக்கப் போனதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

3. ஸ்கூட்டர்

பிரகாஷ் போனை எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தேன். அவன் மனைவி நம்பர் என்னிடம் இல்லை. என் மனைவி விஜயா அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். சமையலறையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா, பேயறைஞ்சா மாதிரி நிக்கிற?"

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பின்னைத் தன் கையில் வாங்கி மூடிக்கொண்டு, ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிட்டாள். நான் பையில் ஸ்பேனரும் பிளையரும் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அவள்தான் பிரகாஷுக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள்.

"அது ஹேண்ட் பிரேக்குதுதான்யா. ஏன் இப்படி நடுங்குற?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இன்னா தெரியும்? அப்படி இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

பருத்திப்பட்டு ஏரி தாண்டினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த நட்டு ஒரு நூல் திரும்பியிருக்குமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். கூவம் பாலத்துக்கு முன்னால் ரோட்டோரம் ஒரே கும்பல். பைக்குகளைக் கண்டபடி நிறுத்திவிட்டு ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்தினேன். இறங்கத் தைரியம் வரவில்லை.

விஜயா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மீனு விக்கிறாங்க. உயிர் மீனாம். கிளம்பு."

அந்த மீன்காரனைத் திட்டிக்கொண்டே போனேன். அவன் என்ன பாவம் செய்தான்?

4. எலுமிச்சம்பழம்

கோயிலை ஒட்டிய இடத்தில் கார் முழுசாக நின்றது. முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பூசாரி கற்பூரம் காட்டி முடித்திருந்தார். பிரகாஷ் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எடுக்காத! வண்டிய எடுக்காத!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நல்ல காரியத்தின் நடுவே இப்படி ஒருத்தன் கத்தினால் எப்படி இருக்கும்? பிரகாஷின் அம்மா சரோஜாம்மா பேத்தியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் படுத்து இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டேன். பக்கத்து ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, சாமி கும்புட வந்துட்டு வண்டிக்கு அடியில இன்னா பண்ணிகினுகீற?"

துளை காலியாக இருந்தது. அதைவிட மோசம், நான் போட்ட மஞ்சள் கோடு இரண்டாக உடைந்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், நட்டு உட்கார்ந்த இரும்பில் இருந்த பாதி இன்னொரு பக்கம். சேக்காட்டிலிருந்து வருவதற்குள் நட்டு அவ்வளவு திரும்பியிருக்கிறது. விரலால் தொட்டேன், சுற்றியது.

முறுக்கினேன், துளையை நேர் செய்தேன், கையை வெளியே நீட்டினேன். விஜயா பின்னை வைத்தாள். போட்டு மடக்கிவிட்டு எழுந்தேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றான் பிரகாஷ்.

சும்மா ஒரு செக்கிங் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவனுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் விஜயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின் போட மறந்துட்டேன்ப்பா. ஸ்டியரிங்கோடது. இப்படியே போயிருந்தா பாதி வழியில கழண்டிருக்கும். தப்பு என்னோடது."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டான்.

"வேற எதுவும் விட்டுப்போகலையே சார்?"

அந்த வண்டியில் என் கைபடாத நட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருந்தது. இருந்தும், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வண்டிய என்கிட்டயே குடு. எல்லாத்தையும் திருப்பிப் பாத்துட்டுத் தரேன்" என்றேன்.

சரோஜாம்மா மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். நான் காரை இருபதுக்கு மேல் போகாமல் சேக்காட்டுக்கு ஓட்டி வந்தேன். பிரகாஷ் என் ஸ்கூட்டரில் விஜயாவை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவமானமாக இருந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை

அடுத்து ஆறு நாள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துப் பூட்டினேன். வேறு எதுவும் விட்டுப்போகவில்லை. மறுபடி ஒரு தடவை, அதற்கப்புறம் இன்னொரு தடவை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பிரகாஷும் சரோஜாம்மாவும் வந்தார்கள். குழந்தையைக் கூட்டிவரவில்லை. நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

"எல்லாம் பாத்துட்டீகளா அண்ணாச்சி?" என்றார் சரோஜாம்மா.

"மூணு தடவை பாத்துட்டேம்மா."

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. அவரு ஓட்டுன வண்டின்னுதான் ஆசைப்பட்டேன். பேத்தியை ஏத்த மனசு வர மாட்டேங்குது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "நீங்களும் உங்க வீட்டம்மாவும் பின்னால ஏறுங்க. கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம். அப்பத்தான் நான் ஏறுவேன்."

பிரகாஷ் நெளிந்தான். "அம்மா, என்னம்மா நீங்க..."

"அதுக்கு இன்னா, போவோமே" என்று சொல்லிவிட்டு விஜயா புடவை மாற்ற உள்ளே போனாள்.

நான் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை பார்த்த வண்டி. கை தானாக டார்ச்சை எடுத்தது. "ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிவிட்டு அடியில் போய்விட்டேன். இடது பின்னைக் குறடால் பிடித்து ஆட்டினேன். வலது பின்னை ஆட்டினேன். பிரேக் குழாய் முனைகளைத் துணியால் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். தடவும்போதுதான் உறைத்தது. இந்த முனைகளை மூன்று தடவையும் கண்ணால்தான் பார்த்திருந்தேன், விரல் வைக்கவே இல்லை. இப்போது வைக்கிறேன், ஏனென்றால் விஜயா ஏறப்போகிறாள்.

அப்படியென்றால் பிரகாஷின் குழந்தை ஏறிய அன்று நான் எப்படிப் பார்த்தேன்? முப்பத்து நான்கு வருடம் யார் யாரோ ஏறிய வண்டிகளுக்கு எப்படிப் பார்த்தேன்? காரின் அடியில் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"மறுபடியும் அடியிலயா? புடவை கசங்குது, வா" என்று விஜயாவின் குரல் கேட்டது.

போனோம், வந்தோம். வழியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஜயா சரோஜாம்மாவிடம் புளிக்குழம்பு பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். திரும்பியதும் சரோஜாம்மா பிரகாஷிடம், "பாரிவாக்கத்துக்கு விடு, பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போவோம்" என்றார். அதைக் கேட்டதும் நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. செக் பண்ணியாச்சு என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டு ஆளை அந்த வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் உங்கள் கை எந்த நட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த நட்டைத்தான் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.