மடக்கிய விரல்

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, செடியில் பிஞ்சு விட்டிருந்தால் அதை விரல் நீட்டிக் காட்டமாட்டாள். ஆள்காட்டி விரலை மடக்கி அதன் முட்டியால்தான் காட்டுவாள். "அந்தா பாருங்கக்கா, இலைக்குப் பின்னால" என்று அவள் கையைத் தூக்கினால், யார் வீட்டுக் கதவையோ தட்டப் போகிறவள் மாதிரி இருக்கும். விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எப்போதாவது மறந்தும் போவோம். அவள் மறந்து நான் பார்த்ததில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் முகத்தைவிட அந்த விரல்தான் என் கண்ணில் நிற்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர் கரிசல் பூமி. மழை பெய்தால் காலைக் கவ்வும், வெயிலடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் பொதுவாகக் கிடந்த நிலத்தில் வேலிக்கருவைதான் மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் தோட்டமாக்கியவள் அவள். நான் பின்வாசற்படியில் நின்று சிரித்தேன். "குடிக்கிற தண்ணிக்கே குடத்தத் தூக்கிட்டு அலையுறோம். இவ சுரைக்கொடிக்கு ஊத்தப் போறாளாம்" என்றேன். அவள் அரிவாளைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நீங்க குளிச்ச தண்ணி போதும்க்கா. அண்டா அண்டாவாக் குளிக்கிறீகளே, ஒரு வயலே பாயும்." ஊரே சிரித்தது. அன்றிலிருந்து என் குளியல் தண்ணீர் வாய்க்காலாகி அவள் கொடிக்குப் போனது. அந்தத் தோட்டத்துக்கு நான் கொடுத்தது அதுதான்.

ஆடியில் விதை ஊன்றியதும் குழிக்கு மேல் இலந்தை முள்ளை வெட்டிப் போடுவாள், மயில் கிளறாமல் இருக்க. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மயிலைக் கண்டால் கல்லை எடுப்பேன். "ஏக்கா, முருகன் வாகனத்தையா எறியுறீக?" என்பாள். "வாகனத்த அவரு கோயில்ல நிப்பாட்டச் சொல்லு, வெண்டைக்குள்ள என்ன வேலை?" என்பேன் நான். வேப்பமரத்தடியில் கிடந்த கல் குவியலில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. நான் கம்போடு ஆட்களைக் கூட்டிவந்தபோது குறுக்கே நின்றுவிட்டாள். "எலிய யாரு பிடிப்பா? நீங்களா?" சித்திரை வெயிலில் உடைந்த பானை ஓட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். தவிட்டுக்குருவி வரும், அணில் வரும், ஒரு கீரி யாரையும் சட்டை செய்யாமல் வந்து குடித்துவிட்டுப் போகும். "தாகத்துக்குத்தான் தக்காளியக் கொத்துதுக. தண்ணியக் கண்டா காயை விட்டுரும்" என்பாள். விட்டுவிட்டன என்று சொல்லமுடியாது. குறைந்தது என்னவோ உண்மை.

விளைந்ததில் பாதிக்குமேல் என் அடுப்புக்கு வரும். முருங்கைக்கீரை, அவரை, சுரை, பாகல், எல்லாம் நான் தின்றேன். அவள் வாய்க்கு இனிப்புத்தான் பிடிக்கும். சர்க்கரை வியாதி வந்த பிறகும், மகள் கண்ணில் படாமல் கருப்பட்டி மிட்டாயைப் பொட்டலம் கட்டித் தோட்டத்தில் கவிழ்த்த சட்டிக்கு அடியில் வைத்திருப்பாள். "வெளைய வைக்கிறது என் வேலை, திங்கிறது உங்க வேலை" என்று சிரிப்பாள். காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஒரு சித்திரையில் போய்விட்டாள். நட்டவள் போனாள். தின்ற நான் இந்த வயதிலும் கம்பு ஊன்றாமல் நடக்கிறேன்.

அந்த ஆடியில் அவள் எடுத்துவைத்த விதையை நான்தான் ஊன்றினேன். அதற்கடுத்த தையில், பக்கத்துத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீடியோ எடுத்துப் போடுகிறவள். "அப்பத்தா, சுகரு இல்ல, பிரஷரு இல்ல, எப்படி இப்படி இருக்கீக?" என்றாள். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. கம்பங்கூழைச் சொன்னேன், கீரையைச் சொன்னேன். முள் போடுவதையும் பறவைக்குத் தண்ணீர் வைப்பதையும் சொன்னேன். மயில் மேல் கல்லெறிந்தவள் நான் என்பதைச் சொல்லவில்லை. "இவ்வளவு அழகாத் தோட்டம் போட்டது யாரு அப்பத்தா?" என்று கேட்டாள். "பின்ன யாரு? நான்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லியது. சொல்லிவிட்டுப் பந்தலில் தொங்கிய சுரைப்பிஞ்சைக் காட்டினேன், விரலை நன்றாக நீட்டி.

மறுநாள் பந்தல்குடியிலிருந்து ஓரகத்தியின் மகள் போன் செய்தாள். "வீடியோ பாத்தேன் பெரியம்மா. நல்லா இருந்துச்சு" என்றாள். அவள் வீட்டுக்கு முன்னால் லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு, "பிஞ்ச விரல நீட்டிக் காட்டுனீகளே பெரியம்மா. எங்கம்மா மடக்கித்தான காட்டும்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவள் திட்டவில்லை.

வீடியோ எடுத்த பெண்ணிடம் போய், அதை அழித்துவிட்டு வேறு எடு தாயி என்றேன். "அது எங்கெங்கயோ போயிருச்சு அப்பத்தா. இனி பிடிக்க முடியாது. ஏன், அதுல அழகாத்தான இருக்கீக?" என்றாள். உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடி கலைந்திருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் விரல் நீட்டிய அந்தப் பிஞ்சு காம்போடு கறுத்து விழுந்தது. ஏதாவது ஈ கடித்திருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் ஓரகத்தியின் மகள் வந்து விதை வாங்கிப் போவாள். இந்த ஆடிக்கு வரவில்லை. நானே கூப்பிட்டேன். "கடையிலயே பாக்கெட் விதை வாங்கிட்டேன் பெரியம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். அவள் அம்மா கையால் முதலில் எடுத்துவைத்த விதையின் வழி வந்த விதை. அதைத் துணியில் முடிந்து, சாம்பல் போட்டு, உறியில் வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

போன வாரம் பாளையம்பட்டியிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். வீடியோவைப் பார்த்தவளாம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். பந்தலில் புதுப்பிஞ்சு விட்டிருந்தது. என்னை அறியாமல் கை எழுந்தது. பாதியில் நிறுத்தி விரலை மடக்கினேன். மடக்கிப் பழகாத விரல், முட்டி வலித்தது.

"என்ன ஆச்சி, விரல்ல அடி பட்டுருச்சா?" என்றாள்.

"அடியில்ல தாயி. இது என் ஓரகத்தி விரலு. இந்தத் தோட்டமும் அவ போட்டது. நான் வெறும் தின்னவ" என்றேன்.

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு பிஞ்சைப் பார்த்தாள். அவள் கையில் போன் இல்லை, மஞ்சப்பைதான் இருந்தது. ஊருக்கெல்லாம் ஒரு பொய்யைச் சொன்னேன். ஒரே ஒருத்தியிடம் நிஜத்தைச் சொல்லியிருக்கிறேன். பந்தல்குடிக்குப் பஸ் இருக்கிறது. விதை முடிப்பும் இருக்கிறது. அந்த வாசலில் போய் நின்று கதவைத் தட்டவேண்டும். மடக்கிய விரலால்தானே கதவைத் தட்டவேண்டும்.