பாதியில் நின்ற பாங்கு

பிராட்ஃபோர்டில் வருடத்துக்குப் பதினொரு மாதம் ஷமீம் அக்தரின் குரலை யாரும் பொருட்படுத்துவதில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியலை அள்ளி வைத்துக்கொண்டே "வரிசையில நில்லு, தள்ளாதே" என்று அவள் நாள் முழுக்கக் கத்துவாள். ஒரு பொடிசும் கேட்காது. ஆனால் நோன்பு மாதம் பிறந்துவிட்டால் அதே குரலுக்காக ஊரே வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

அரசாங்கம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் உரிமம் கொடுக்கும். கம்பளக் கடை மாடியில், சுவரெல்லாம் எதிரொலிக்காமலிருக்கப் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வைகளை அறைந்த ஓர் அறையில், எங்கள் பேட்டையின் மஹல்லா ரேடியோ பேசத் தொடங்கும். பெருநாள் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். நோன்பு திறக்கும் நேரத்தில் மைக் முன்னால் உட்கார ஓர் ஆண்பிள்ளையும் முன்வரவில்லை. வீட்டில் பக்கோடா பொரியும்போது எவன் ஒற்றைப் பேரீச்சம்பழத்தோடு அங்கே உட்காருவான்? அப்படித்தான் அந்த நாற்காலி ஷமீமுக்கு வந்தது. பள்ளிவாசல் வாசலை மறித்து நிற்கும் வெள்ளிநிற டொயோட்டாவின் சொந்தக்காரரை மானம் போகத் திட்டுவதும், நேரம் வந்ததும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிப்பதிவை ஓடவிடுவதும் அவள் வேலை.

நேர அட்டவணை எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒட்டியிருக்கும். இருந்தாலும் ரேடியோவில் பாங்கு கேட்காமல் யாரும் பழத்தைக் கடிக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் பள்ளிவாசல் பாங்கு தெருவுக்குக் கேட்பதில்லை. ரேடியோ ஒன்று சொல்லி ஃப்ரிட்ஜ் வேறு சொன்னால், எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜ்தான் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு நிதி திரட்டும் நாள். பாகிஸ்தானில், மீர்ப்பூர் பக்கம் டட்யாலில் இருக்கும் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்கள் மூன்று வாங்க வேண்டும். பாங்கு முடிந்ததும் ஊர் வயிறு குளிர்ந்து, மனசும் இளகியிருக்கும் நேரத்தில் வேண்டுகோள் தொடங்கும். ஷமீமுக்கு அது வெறும் தர்மமில்லை. அவள் தம்பி காதிம், வாரத்துக்கு இரண்டு முறை வேனில் ராவல்பிண்டிக்குப் போய் அந்த மெஷினில் படுத்துவிட்டுத் திரும்புகிறவன். வரும் வழியெல்லாம் வாந்தி எடுப்பான். டட்யாலில் மெஷின் வந்தால் நடந்தே போய்விடலாம். "பாஜி, எப்ப வரும்?" என்று ஒவ்வொரு போனிலும் அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேண்டுகோள் விடுக்க லண்டனிலிருந்து இம்தியாஸ் என்று ஒருவர் வந்திருந்தார். தன் அறக்கட்டளையின் காகிதங்களை மேஜை மேல் பரப்பியிருந்தார். அவற்றில் அவர்கள் ஊர் நோன்பு அட்டவணையும் இருந்தது. அதே பச்சை, அதே குவிமாடம், அடியில் அதே மாதிரி கபாப் கடை விளம்பரம். ஷமீம் கை எட்டிய அட்டவணையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பாங்கை ஓடவிட்டாள். லண்டன்காரர்களுக்கு எல்லாமே நமக்கு முன்னால் கிடைத்துவிடும், சூரியன் மறைவதும் அப்படித்தான். ஏழு நிமிஷம் முந்தி.

பழத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எங்கள் ஊரில் அதிசயமாக அன்றைக்கு மேகமே இல்லை. எதிர்க் கூரையின் ஓடுகளில் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"ஹாஜி சாஹிப், வெயில் இருக்கு."

ரேடியோ கமிட்டித் தலைவர் ஹாஜி குலாம் ரப்பானி, மொத்த விலை மளிகைக்கடை முதலாளி. பக்கோடாத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எங்க?"

"அந்தக் கூரையில பாருங்க."

இம்தியாஸ் மேஜையிலிருந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "பாஜி, இது எங்க லண்டனோடது."

பாங்கு அதுபாட்டுக்கு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஷமீமின் வாயில் இருந்த இனிப்பு கசந்தது. இத்தனை வீடுகளிலும் பழம் உள்ளே போயிருக்கும். இத்தனை பேருடைய நோன்பும் தன் கையால் முறிந்தது.

"நிறுத்திச் சொல்லிடறேன்" என்று ஒலியைக் குறைக்கும் குமிழில் கை வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? ஓடற பாங்கைப் பாதியில நிறுத்துவியா?" ஹாஜி எழுந்து வந்தார். "சாப்பிட்டவன் சாப்பிட்டாச்சு. உள்ள போனதை மைக்ல கூப்பிட்டு வெளிய எடுக்கப் போறியா?"

"சாப்பிடாதவங்க இருப்பாங்கல்ல."

"யாரு இருக்கா? மத்தியானத்துலேருந்து பழத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் ஒவ்வொருத்தனும்."

"டாக்சி ஓட்டறவங்க இருக்காங்க. ஆஸ்பத்திரில டூட்டி பாக்கறவங்க இருக்காங்க. தொழுதுட்டுத் திறக்கறவங்க இருக்காங்க. ஒவ்வொரு நொடியும் ஒவ்வொருத்தரா வாயில வெக்கறாங்க, ஹாஜி சாஹிப்."

ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "கேளு. இதை நீ சொன்னா இன்னிக்கு ஒருத்தன் பர்ஸைத் திறக்க மாட்டான். நோன்பை முறிச்ச ரேடியோவுக்குக் காசு வேறயான்னு கேப்பான். மூணு மெஷின், ஷமீம். உன் தம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவரில்லை. மெஷின்களுக்கு முதல் காசு போட்டவரே அவர்தான். அதனால்தான் அந்தச் சொல் நேராக அவள் நெஞ்சில் இறங்கியது. குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வேனின் பின் இருக்கையில் காதிம் சுருண்டு கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்?

அப்போது போன் அடித்தது. ஹாஜி முந்திக்கொண்டு எடுத்தார். ஸர்வர் பீபி. மலையோரத் தெருவில் தனியாக இருக்கும் கிழவி. காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பேட்டா, உங்க கடிகாரம் சரியா ஓடுதா? என் ஜன்னல்ல சூரியன் நிக்குதே."

"அது சூரியன் இல்ல, பீபி. எதிர் வீட்டுக் கண்ணாடில வெளிச்சம் அடிச்சிருக்கும். கண் டாக்டரப் பாத்து எத்தனை நாளாச்சு? நீங்க திறங்க."

"அப்படியா? சரி, பேட்டா. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல. அல்லா என்னை மன்னிக்கணும், உங்களச் சந்தேகப்பட்டுட்டேன்."

ஹாஜி போனை வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

ஷமீமுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கண் தெரிகிற கிழவியைக் குருடியாக்கி, மன்னிப்பும் கேட்க வைத்தாயிற்று. குமிழைத் திருகினாள். பாங்கு பாதியில் நின்றது. ஆயிரம் சமையலறைகளில் ஒரே நேரத்தில் விழுந்த மௌனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பகீரென்கிறது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஷமீம் பேசறேன். பாங்கை நிறுத்தினது நான்தான். நேரம் ஆகல. லண்டன் அட்டவணையப் பாத்துட்டேன். சாப்பிடாதவங்க சாப்பிடாதீங்க. சாப்பிட்டவங்க கையை எடுத்துடுங்க, உங்க நோன்பு போனது என்னாலதான். நானும் சாப்பிட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "ஸர்வர் பீபி, கேக்குதா? உங்க கண்ணு நல்லா இருக்கு. தப்பு எங்க பக்கம்."

பிறகு போன்கள் ஓயவில்லை. விருந்தாளிகளை உட்கார வைத்துத் தின்ன வைத்தாயே என்று ஒருத்தி காறித் துப்பாத குறையாகக் கத்தினாள். பொம்பளையை மைக்கில் உட்கார வைத்தால் இப்படித்தான் என்று ஒருவர் பாடம் நடத்தினார். ஒரு டாக்சிக்காரர் மட்டும், "பாஜி, பழம் பல்லு வரைக்கும் வந்துச்சு. பின் சீட்டுக்காரன் வழி கேட்டான், அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க. பொழச்சேன்" என்றார். சரியான நேரத்தில் பாங்கு மறுபடி முதலிலிருந்து ஒலித்தது. ஷமீம் தலை குனிந்து முழுக்கக் கேட்டாள்.

ஹாஜி சொன்னது பலித்தது. இம்தியாஸ் தொண்டை வறளக் கெஞ்சினார். ஒரு நன்கொடைக்கு நாலு வசவு வந்தது. மூன்று மெஷினுக்குப் பதில் ஒன்றுதான் டட்யால் போய்ச் சேர்ந்தது. அதில் படுக்க ஆள் நிறைய, காதிமுக்கு முறை வரவில்லை. அவள் எல்லாவற்றையும் போனில் சொன்னபோது அவன் திட்டவில்லை. "சரி பாஜி" என்று வைத்துவிட்டான். அவன் திட்டியிருக்கலாம். பள்ளிக்கூடச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஷமீம் அழுதாள்.

பாங்கு பாதியில் நின்ற மறுநாளிலிருந்தே அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். அவளுக்கு டொயோட்டாக்கள்கூட மிஞ்சவில்லை. பெருநாள் வந்தது, உரிமம் முடிந்தது, கூரையிலிருந்து ஏரியலைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

முறிந்த நோன்பை ஈடுகட்ட ஒரு களா நோன்பு வைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆளாளுக்கு வைக்கச் சொன்னால் தள்ளிப்போடுவீர்கள், எல்லாரும் ஒரே சனிக்கிழமை வையுங்கள் என்றும் சொன்னார். அவருக்கு எங்களைத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஷமீம் வீட்டில் போன் அடித்தது. ஸர்வர் பீபி. "ஷமீம், திறக்கலாமா?" அடுத்து விருந்தாளிகளுக்காகக் கத்தியவள். குரலில் கோபம் இன்னும் பாக்கி இருந்தது, கேள்வி மட்டும் அதேதான். எல்லாருடைய கைபேசியிலும் நேரம் இருக்கிறது. ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தது. ஷமீம் போனைக் கையில் பிடித்தபடி கொல்லைப்புறத்துக்கு வந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுபடி அடித்தது. எடுத்தாள். எதிர்ப்பக்கம் தொண்டையைக் கனைக்கும் ஒலி கேட்டது.

"ஷமீம், ரப்பானி பேசறேன். சூரியன் இறங்கிருச்சா?"

அவள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, ஹாஜி சாஹிப். போனை வெச்சுடாதீங்க, சொல்றேன்."

அவர் வைக்கவில்லை.